பாட்டன் பிறந்த ஊர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை, பத்திரிகையை மேசைமீது விரித்து வைத்துக்கொண்டு நாம் காலைத் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், நம் அயலில் வசிக்கும் பெரியவர் ஒருவர் தம் பேர்த்தியுடன் படியேறி வந்தார். பேர்த்தியின் கையில் நீளமான உறை ஒன்று; பெரியவரின் கையில் ஒரு தகரப் பெட்டி. அட்டன் பட்டணத்தில் மழை பிடித்து மூன்று நாட்களாகியிருந்தன. தாம் நனைந்தாலும் பெட்டி நனையலாகாது என்று மழைக்கடதாசி சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தார்.

நாம் சமாதான நீதவானாக நியமனம் பெற்ற நாள் முதலாக ஞாயிற்றுக்கிழமைக் காலை நமக்கு உரியதாக இருந்ததில்லை என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். வருவோர் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரே வகைச் சங்கடந்தான். பெயரில் ஓர் எழுத்துக் குறையும், அல்லது கூடும். பிறந்த திகதி ஒரு பத்திரத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் இருக்கும். அதற்கொரு சத்தியக் கடதாசி வேண்டும். இந்தப் பிள்ளையின் காரியமும் அதுவே. ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக்கு அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பாட்டனாரின் பெயர் இகரத்தோடு தொடங்குகிறது. பாட்டனாரின் பிரஜாவுரிமைப் பத்திரத்தில் அந்த இகரத்தைக் காணோம். இருவரும் ஒருவரே என்று சத்தியம் செய்ய வேண்டும்.

"ஓர் எழுத்துத்தானே தாத்தா! இதற்கு ஏன் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தீர்கள்?" என்று பேர்த்தி சிரித்தாள்.

பெரியவர் சிரிக்கவில்லை. கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

நம்மில் பலர் தமது பிறப்புப் பத்திரத்தை எத்தனையோ தடவை பிரதி எடுத்திருப்போம். அதை ஒரு தடவையேனும் முழுமையாக வாசித்திருப்போமோ என்பது ஐயம். தாய் தந்தையர் பெயரும் அவர்கள் பிறந்த இடமும் கேட்பதோடு அப்பத்திரம் நின்றுவிடுவதில்லை. பாட்டனார் இலங்கையிற் பிறந்தவராயின் அவர் பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் எவை என்று ஒரு கூடு. தந்தை இலங்கையிற் பிறவாதவராகவும் பூட்டனார் இலங்கையிற் பிறந்தவராகவும் இருப்பின் அப்பூட்டனாரின் விவரம் என்ன என்று மற்றொரு கூடு. பிறந்து சில நாட்களேயான சிசுவிடம் பூட்டன் பிறந்த ஊரைக் கேட்கும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று நாம் இளமையில் வியந்ததுண்டு.

அது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்திலிருந்து வந்தது. அவ்வாண்டு பெப்ரவரி 4ஆம் திகதி நாடு சுதந்திரம் பெற்றது. நவம்பர் 15ஆம் திகதி இச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வமிசாவழிப் பிரஜையாக வேண்டுமாயின், ஒன்றில் அவர் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இருவருமே இங்கு பிறந்திருத்தல் வேண்டும். இம்மண்ணிற் பிறந்தேன் என்பது மாத்திரம் போதாது. மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்த இலட்சக்கணக்கான தமிழ் மக்கள் ஒரே நாளில் எந்நாட்டுக்கும் உரியரல்லாதவராயினர். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. அச்சட்டங்களை எதிர்த்துக் கோடாக்கன் பிள்ளை என்பவர் தொடுத்த வழக்கு கடல் கடந்து லண்டன் கோமறைக் கழகம் வரை சென்று, சட்டம் செல்லும் என்ற தீர்ப்போடு 1953இல் முடிந்தது.

இவையெல்லாம் சரித்திரப் புத்தகங்களில் உள்ளவை. பெட்டிக்குள் இருந்தவை வேறு.

பெரியவர் முதலில் எடுத்துத் தந்தது எஸ். எஸ். ஸி. பரீட்சைத் தராதரப் பத்திரம். அதன் கீழே, 1957ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று. அரசாங்கக் காரியாலயமொன்றில் இலிகிதர் உத்தியோகத்துக்கு அவர் தெரிவு செய்யப்பட்டிருப்பதாகவும், இலங்கைப் பிரஜை என்பதற்கான அத்தாட்சியுடன் வந்து கடமையேற்க வேண்டுமெனவும் அது கூறிற்று. அப்போது அவருக்கு வயது இருபது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து, தோட்டப் பள்ளியில் எழுத்தறிந்து, பின் பட்டணத்துப் பாடசாலைக்கு நாளும் ஏழு கட்டை நடந்து படித்தவர். கடிதம் வந்த அன்று, தலைவர் வீட்டிலிருந்து கங்காணி வீடு வரை சர்க்கரை வழங்கினார்களாம்.

"பெரட்டுக்களத்திலே பெரியதுரை அப்பாவைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். அப்பா அந்தக் கையை அன்று முழுவதும் கழுவவில்லை" என்றார் பெரியவர்.

சட்டத்தின் சொற்படி பார்த்தால் இவருக்கு வழி இருந்தது. இவருடைய தந்தையார் பிறந்ததும் இந்நாட்டிலேதான். 1904ஆம் ஆண்டளவில், திம்புளைப் பகுதித் தோட்டமொன்றில். ஆகவே மகன் வமிசாவழிப் பிரஜை. விநோதத்தைப் பாருங்கள்: அத்தந்தையாரோ பிரஜை அல்லர், ஏனெனில் அவருடைய தந்தை திருச்சிச் சீமையிலே பிறந்தவர். தகப்பன் அந்நியனாகவும் மகன் சுதேசியாகவும் ஒரே லயத்து அறையில் ஒரே பானைச் சோற்றை உண்ணலாம் என்று சட்டம் அனுமதித்தது. ஆயின் தகப்பன் இங்கு பிறந்ததை மகன் மெய்ப்பிக்க வேண்டும்.

பதிவுப் புத்தகங்களைத் தேடச் செய்தார்கள். இரண்டு மாதங்களின் பின் ஒரு பதிவு அகப்பட்டது. தோட்டத்தின் பெயர் சரி. ஆண்டும் சரி. தாயின் பெயர் ஏறக்குறையச் சரி. பிள்ளையின் பெயர் இருக்க வேண்டிய இடத்திலோ ஒன்றுமில்லை. 'ஆண்' என்று மாத்திரம் இருந்தது. அக்காலத்தில் பெயர் சூட்டுமுன்னரே பிறப்பைப் பதிந்துவிடுவது வழக்கம். பின்னர் பெயரைச் சேர்க்க எவரும் போவதில்லை.

"இந்த ஆண் குழந்தைதான் உம்முடைய தகப்பன் என்று நாம் எப்படி அறிவது?" என்று கேட்டாராம் அதிகாரி. அவர் கேட்டதிலும் நியாயமில்லை என்று சொல்ல முடியாது. நியாயமான கேள்விகளாலேயே ஒருவனைத் தெருவில் நிறுத்திவிடலாம் என்பதற்கு இப்பெட்டி ஒரு சாட்சி.

கிறிஸ்தவர்களாயின் கோவிற் புத்தகத்தில் ஞானஸ்நானப் பதிவு இருந்திருக்கும். நம் மாரியம்மன் கோயிலில் யார் எழுதி வைத்தார்கள்? தோட்டத்துச் செக்ரோல் உதவும் என்று எண்ணிப் போனால், பழைய ஏடுகளைக் கறையான் தின்ற பின் எரித்துவிட்டதாகக் கணக்கப்பிள்ளை சொன்னார். கடைசியில் வீட்டுப் பரணிலிருந்து தந்தையாரின் ஜாதகத்தைக் கண்டெடுத்தனர். நாள், நட்சத்திரம், நாழிகை எல்லாம் பிசகின்றிக் குறித்த ஓலை. மகிழ்ச்சியோடு கொண்டு போனார்கள். அதைக் கணித்த சோதிடரோ திருச்சிக் கிராமத்தவர். கலியாணப் பேச்சின்போது பாட்டனார் அங்கே எழுதுவித்தது. ஓலையின் தலைப்பில் சோதிடரின் ஊர்ப் பெயர் இருந்தது. அதைப் படித்த அதிகாரி, "உம்முடைய தகப்பன் இந்தியாவிற் பிறந்தவர் என்பதற்கு நீரே அத்தாட்சி கொண்டுவந்திருக்கிறீர்" என்று சொல்லிக் கோப்பிலே குறித்துக்கொண்டாராம்.

இதைச் சொல்லும்போது பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேர்த்தியின் முகத்திலிருந்த சிரிப்புத்தான் மறைந்திருந்தது.

கோப்பில் வேறொன்றும் இருந்தது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் சட்டத்தின் கீழே, பதிவுப் பிரஜையாக வேண்டுவோர் 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதிக்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தந்தையாரும் விண்ணப்பித்தார், பதினான்கு வயது மகனின் பெயரையும் அதிலே சேர்த்தார். மணமானவர்கள் 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முந்திய ஏழாண்டுகள் இடைவிடாது இங்கு வசித்திருக்க வேண்டும். ஒரு தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் அத்தொடர் அறுந்துவிடும் என்பது விதி. தந்தையாரோ 1941 தையில், ஊருக்கு மீண்டிருந்த பாட்டனாரின் கருமாதிக்காகத் திருச்சிக்குப் போனவர். தொழிலாளர் இலங்கைக்குக் கப்பலேறுவதை இந்திய அரசாங்கம் 1939இலேயே தடை செய்திருந்தது. போனவர் திரும்ப வழியின்றி, 1942இன் பிற்பகுதியில் தடை சற்றுத் தளர்ந்த பின்னரே வந்து சேர்ந்தார். தகப்பனுக்குக் கொள்ளி வைக்கப் போனதற்கு விலை, நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம். இப்போது மகனின் காரியத்திலும் அதுவே குறுக்கே நின்றது. "இந்தியர் என்று சொல்லித்தானே அன்று விண்ணப்பித்தீர்கள்?" என்பது கேள்வி.

அச்சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 134,000 பேரே. எஞ்சியோர் ஒவ்வொருவர் வீட்டிலும் இப்படியொரு பெட்டி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே நமக்கு மலைப்பாக இருக்கிறது.

உத்தியோகம் எட்டு மாதம் காத்திருந்தது. பின் வேறொருவருக்குப் போயிற்று. பெரியவர் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தார். இரவிலே லயத்துப் பிள்ளைகளுக்குக் குப்பி விளக்கில் பாடஞ் சொல்லிக் கொடுத்தார்.

1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றோர் 975,000 பேர் என்று கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவு செய்தார்கள். எஞ்சிய 150,000 பேரைப் பாதி பாதியாகப் பங்கிட்டது 1974இலே. ஏழு பேர் அங்கே போனால் நான்கு பேருக்கு இங்கே பிரஜாவுரிமை என்பது விகிதம். பெரியவர் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். அவருடைய தம்பி இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். ஒரே வீட்டில் ஏன் இரு விதம் என்று கேட்டோம்.

"அவனுக்கு மூன்று பெண் பிள்ளைகள். இங்கே இருந்தால் என்னைப்போல் ஆகிவிடுவார்கள் என்று பயந்தான்" என்றார்.

தலைமன்னாரிலே தம்பி குடும்பத்தைக் கப்பலேற்றிவிட்டு வந்தார். அவர்கள் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்கென அமைத்த தேயிலைத் தோட்டத்திலே மீண்டும் கொழுந்து பறித்தார்கள். அடுத்த ஆண்டு, 1975இல், பெரியவருக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்தது. ஏழுக்கு நான்கு என்ற கணக்கு அவர் மனத்தைவிட்டு அகலவில்லை. "என் தம்பி கப்பலேறிய சீட்டில்தான் தம்பி, எனக்கு இந்தப் பத்திரம் கிடைத்தது" என்று அதை நம்மிடம் நீட்டினார். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. அரசாங்க இலிகிதர் பரீட்சைக்கு வயதெல்லை கடந்துபோயிருந்தது.

எஞ்சியிருந்தோரின் காரியம் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலகுவாயிற்று. 2003இல் மற்றொரு சட்டம் வந்தபோது, பத்தே நாட்களில் 190,000க்கு மேற்பட்டோர் பிரஜாவுரிமை பெற்றனர். அவ்வாண்டு டிசம்பரில் நடமாடும் முகாமொன்றில் பெரியவர் மேசை போட்டு உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தாராம். சம்பளமில்லாத வேலை. "அறுபத்தாறு வயதில் இலிகிதராகிவிட்டேன்" என்றார்.

சத்தியக் கடதாசியை எழுதினோம். இகரத்தோடு கூடியவரும் இகரமில்லாதவரும் ஒருவரே என்று பெரியவர் கையெழுத்திட்டார். முத்துக் கோத்தாற் போன்ற எழுத்து. இலிகிதருக்கு வேண்டியது அதுதானே! நாம் முத்திரை குத்தினோம். பேர்த்தி தன் உறைக்குள் அதைச் செருகப் போனாள்.

"பொறு. ஒரு பிரதி எடுத்துவிட்டுப் போ. மூலப் பத்திரம் இங்கே இருக்கட்டும்" என்று பெரியவர் பெட்டியைத் திறந்து பிடித்தார்.

அவள் முதலில் நம்மைப் பார்த்தாள். பின் பெட்டியைப் பார்த்தாள். மேலே கிடந்த 1957ஆம் ஆண்டுக் கடிதத்தை எடுத்து, மடிப்புக் கிழியாமல் விரித்து, நின்றபடியே முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். வெளியே மழை விடவில்லை. நாம் இன்னும் இரண்டு கோப்பைத் தேநீருக்குச் சொன்னோம்.