இணையவழி நட்பும் இளம் மாணவரும்

நட்புக் கொள்வதற்கு முன் ஆராய வேண்டும் என்பதற்காகவே திருவள்ளுவர் ‘நட்பாராய்தல்’ என ஓர் அதிகாரத்தை வகுத்தார். வன்னிக் கிராமமொன்றுக்குப் புதிதாக ஒருவர் வந்தால், “எந்த ஊர்? யாருடைய பிள்ளை?” என்று பெரியோர் வினவுவது இன்றும் வழக்கம். ஆனால் முகநூலில் நட்பு வேண்டுகோள் அனுப்புபவரைப் பற்றி நாம் அறிவது, அவரே எழுதிய விபரங்களை மாத்திரமே. முகநூற் கணக்குத் தொடங்க 13 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் விதி. பிறந்த ஆண்டை மாற்றி எழுதி உள்ளே நுழையும் சிறுவர், எதிரே இருப்பவரும் அவ்வாறே மாற்றியிருக்கலாம் என எண்ணுவதில்லை.

இத்தகைய நட்பு பெரும்பாலும் புகழ்ச்சியில் தொடங்கும். பின்னர் இரகசியம் காக்குமாறு கேட்கும். அதன்பின் புகைப்படம் கேட்கும். படம் கிடைத்ததும் மிரட்டல் ஆரம்பமாகும். தமிழ்நாட்டின் பொள்ளாச்சியில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்றாகும். அங்கு ஒரு கும்பல் பெண்களுடன் நட்பாகப் பழகி, துன்புறுத்தி, காணொளி எடுத்து மிரட்டி வந்தது. பலர் அச்சத்தால் மௌனம் காத்தனர். 2019 பெப்ரவரியில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் துணிந்து முறைப்பாடு செய்தார். அதன் பின்னரே உண்மை வெளிவந்தது. 2025 மே 13 அன்று கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுட்தண்டனை விதித்தது. மிரட்டுபவரின் பலம் படத்தில் இல்லை, நமது மௌனத்திலேயே இருக்கின்றது என்பதை இவ்வழக்கு உணர்த்துகின்றது.

கைத்தொலைபேசியைப் பறிப்பதே இதற்குத் தீர்வு எனச் சிலர் கூறுவர். இக்கருத்து ஏற்கத்தக்கதன்று. 2020 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வட்ஸ்அப் வழியாகவே பல மாணவருக்குப் பாடங்கள் வந்தன. அன்று முதல் கைத்தொலைபேசி கற்றற் கருவியாகவும் ஆகிவிட்டது. அத்துடன், “சொன்னால் போனைப் பறிப்பார்கள், படிப்பை நிறுத்துவார்கள்” என்று அஞ்சும் பிள்ளை தனக்கு நேர்ந்ததை மறைக்கும். அம்மறைப்பே மிரட்டுபவருக்கு வாய்ப்பாகின்றது. ஆகவே பெற்றோரும் ஆசிரியரும் முதலில் செவிமடுக்க வேண்டும். கண்டிப்பது பிறகு ஆகட்டும்.

தீங்கு அந்நியரிடமிருந்து மட்டும் வருவதில்லை. சக மாணவியின் படத்தை மாற்றியமைத்து வகுப்புக் குழுவில் பகிர்வதும், போலிக் கணக்கில் வசைபாடுவதும் விளையாட்டல்ல. 18 வயதுக்குட்பட்டோரின் ஆபாசப் படங்களை எடுத்தல், வைத்திருத்தல், பரப்புதல் ஆகியன இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றங்களாகும். படத்தை எடுத்தவர் வேறொருவர் என்பதால், அதைப் பகிர்ந்தவர் தப்பிவிட முடியாது.

மாணவர்களே, நேரில் அறியாதவருக்குப் படமோ, முகவரியோ, கடவுச்சொல்லோ கொடாதீர்கள். மிரட்டல் வந்தால் பணமோ மேலும் படமோ அனுப்பாது, செய்திகளை அழிக்காமல் சான்றாக வைத்துக்கொண்டு, நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் உடனே கூறுங்கள். 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்னும் இலக்கத்தில் முறையிடலாம். ஏமாற்றப்பட்டவர் வெட்கப்பட வேண்டியதில்லை. வெட்கம் ஏமாற்றியவருக்கே உரியது.