எளிமையும் ஓர் ஆராய்ச்சியே

புதுப்பொருளொன்றைக் கண்டறிதல் அறிவின் ஒரு பாதி. அதனைப் பலரும் வாங்கத்தக்க விலையிற் செய்துதரல் மறு பாதி. முற்பாதிக்குக் கிடைக்கும் புகழ் பிற்பாதிக்குக் கிடைப்பதில்லை. இது முறையன்று என்பது எமது கருத்து.

அலுமினியம் இலேசானது, ஆயினும் உராய்வில் விரைந்து தேயும். அதனுள்ளே சிலிக்கன் காபைட்டின் நுண்ணிய துகள்களைப் பரப்பின் வன்மை மிகும். பென்சிலில் நாம் காணும் காரீயத்தைப் பரப்பின் வழுவழுப்பு உண்டாகி உராய்வு குறையும். உலோகத்தைத் தூளாக்கிக் கலந்து, அழுத்திச் சூடேற்றியும் இதனைச் செய்யலாம். அவ்வழி செலவு மிக்கது. உலோகத்தை உருக்கி, துகளைச் சொரிந்து கலக்கி, அச்சில் வார்த்தலே எளிய வழி.

ஆனால், எளிய வழியிலும் இடர்கள் உள. உருகிய அலுமினியம் காரீயத்திற் படியாது, தாமரையிலை நீர்போல விலகும்; துகளும் இலேசானதாதலின் மேலே மிதக்கும். 1960களில் அமெரிக்காவிலே பிரதீப் ரோகற்கியும் துணைவரும் துகளுக்கு நிக்கல் முலாம் பூசி, வாயுவின் துணையால் உலோகத்துட் செலுத்தினர். இடர் தீர்ந்தது, செலவு தீரவில்லை. பின்னர் இந்தியாவிலே அவரும் வேறு துணைவரும் அம்முலாமையே விலக்கினர். துகளை முன்னரே சூடேற்றி, அதிற் படிந்த வாயுக்களைப் போக்கிக் கலக்கும் அவர்களது முறை 1981 இல் வெளியாயிற்று. விலையுயர்ந்த நிக்கலின் இடத்தை நிரப்பியது துகளின் இயல்பை உணர்ந்த அறிவேயாம். சில சொல்லாற் பொருளை விளக்குதல் எளிதன்று என்பதைத் தமிழ் கற்பிக்கும் யாம் அறிவோம். சிறு செலவிற் பொருளை ஆக்குதலும் அத்தகையதே.

மலிவு என்பது கவனக்குறைவன்று. கலக்குதல் மிகின் காற்றுப் புகுந்து வார்ப்பிலே துளைகள் தோன்றும். குறையின் துகள்கள் ஓரிடத்தே திரளும். வார்த்ததை வெட்டி, நுணுக்குக்காட்டியிற் கண்ட பின்னரே ஏற்றல் வேண்டும். அச்சோதனைச் செலவைக் குறைப்பது சிக்கனமாகாது.

எமது நாட்டுப் போகலைச் சுரங்கத்துக் காரீயம் தூய்மைக்குப் பேர்பெற்றது. அதனை மூலப்பொருளாகவே கப்பலேற்றி அனுப்புவதோடு அமையாது, இங்கேயே பயன்பொருளாக்கும் வழிகளை நாடுவோர் இத்தகைய முறைகளை ஆராய்தல் நன்று. வார்ப்புத் தொழிலிலும் பொறியியலிலும் ஈடுபட்டுள்ள பழைய மாணவர் இதிலே முன்னிற்பாராக.

“இஃது எவ்வாறு ஆகின்றது?” என வினவும் மாணவனை யாம் பாராட்டுகின்றோம். “இதனை இன்னும் எளிதாகச் செய்யலாமோ?” என வினவுவோனையும் அவனுக்கு நிகராகப் பாராட்டுதல் ஆசிரியராகிய எமது கடன்.