மனசு சரியில்லை என்று யாரிடம் சொல்வது?

பல வருடங்களுக்கு முன் செய்தி சேகரிக்க மலையகம் சென்றிருந்தபோது, அரச வைத்தியசாலை ஒன்றின் வெளிநோயாளர் பிரிவில் கண்ட காட்சி இன்னும் என் நினைவில் நிற்கிறது. கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர், நாற்பது வயதிருக்கும். கொழும்பில் கடை வேலைக்குப் போன மகனிடமிருந்து கடிதம் வராதது, இரவில் உறக்கம் பிடிக்காதது, மலையில் நிற்கும்போது யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று ஐந்து நிமிடம் அழுதழுது சொன்னார். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்ற சிற்றூழியர் அவ்வளவையும் சிங்களத்தில் சுருக்கிச் சொன்னார்: தலைவலியாம், தூக்கமில்லையாம். மாத்திரை எழுதப்பட்டது. அடுத்த இலக்கம் அழைக்கப்பட்டது.

அந்த இருவரையும் நான் குறை கூறவில்லை. வைத்தியருக்கு முன் நீண்ட வரிசை இருந்தது. சிற்றூழியரோ தமக்குரியதல்லாத வேலையைச் செய்தார். ஆனால் கை முறிந்தால் எக்ஸ்ரே காட்டிவிடும். மன நோயை நோயாளியின் வாய்தான் சொல்ல வேண்டும். அந்த வாயின் மொழி புரியாத இடத்தில் உளநல மருத்துவம் நடக்கவில்லை என்பதே என் கட்சி. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அது வைத்தியரின் மேசைவரை வந்து சேர்ந்திருக்கிறதா என்பதை நோயாளிகளிடம்தான் கேட்க வேண்டும்.

இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சமூகத்தின் ஆரோக்கியம், நீண்ட காலம் அரசின் பொறுப்பாகவன்றித் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே இருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியும், பட்டம் பெற்ற மருத்துவரல்லாத தோட்ட வைத்திய உதவியாளரும்தான் தொழிலாளி அறிந்த மருத்துவம். குடியுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் முடிவு கட்டிற்று. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் 150 கட்டில்களைக் கொண்ட வைத்தியசாலை 2017இல் திறக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் கிளினிக்குக்குப் போகும் நாளில் தொழிலாளிக்குப் 'பேர்' விழாது. ஒரு நாள் கூலியும் பஸ் காசும் கொடுத்து, புரியாத மொழியில் பேச யார் மாதாமாதம் போவார்கள்? 'அங்கொடைக்கு அனுப்ப வேண்டிய ஆள்' என்ற ஏச்சு வேறு காத்திருக்கிறது. ஆகவே கோடாங்கியிடம் போகிறார்கள். அவர் தமிழில் கேட்கிறார். இரவு முழுவதும் கேட்கிறார்.

செய்ய முடியாத காரியமா இது? போரின் நடுவே யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர், ஆசிரியர்களையும் கிராமத்து ஊழியர்களையும் பயிற்றி உளநலப் பணியில் ஈடுபடுத்தினர். 1987இல் அங்கு தொடங்கிய 'சாந்திகம்' உளவளத்துணையைத் தமிழிலேயே வழங்கியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோர மாவட்டங்களில் உள்ளூரவர்களுக்கே பயிற்சியளித்து வீடு வீடாக அனுப்பினார்கள். சிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார் சுகாதார நிலைய வாசலில் ஒரு மர பெஞ்சில் அமர்ந்து நோயாளரோடு பேசுகிறார்கள். அதனால் மனச்சோர்வு கணிசமாகக் குறைந்ததை 2016இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது.

மலையகத்தில் அப்படி ஆட்கள் இல்லாமலில்லை. பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு எந்தத் தாய் இளைத்துப்போகிறாள் என்று தெரியும். தோட்டப் பாடசாலை ஆசிரியருக்கு எந்தப் பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டது என்று தெரியும். கோடாங்கியைக்கூட ஒதுக்க வேண்டியதில்லை. 'பூசையும் செய்யலாம், டாக்டரையும் பார்க்கலாம்' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் பத்துக் கருத்தரங்குகளுக்குச் சமம்.

ஆனால் கூட்டுறவு என்ற பெயரில் பதாகை கட்டிக் கூட்டம் போட்டுக் கலைவதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். இது நிலைக்க வேண்டுமானால் சில நிபந்தனைகள் தேவை. அந்தப் பெண்களுக்குச் சம்பளம் வேண்டும். ஏற்கனவே கூடை சுமப்பவர்கள் முதுகில் இலவசமாக இன்னொரு சுமை ஏற்றக்கூடாது. லயத்தில் ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் கேட்கும். எனவே அதே லயத்தவரல்லாமல் அடுத்த டிவிஷனைச் சேர்ந்தவரே வர வேண்டும். கிளினிக் தோட்டத்துக்கு வர வேண்டும். அல்லது போகும் நாளுக்குக் கம்பனி பேர் போட வேண்டும். இதைக் கம்பனிகளுடனான பேச்சில் எழுப்பத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கு என்ன தடை?

கூலி உயர்ந்து காணியும் வீடும் கிடைத்தால் மனக்கவலை தானே தீரும் என்பார்கள் சிலர். பாதி உண்மை. அவை கிடைக்கும்வரை நோய் காத்திருக்காது. 2025 நவம்பரில் டித்வா புயலில் மண் சரிந்து உறவுகளைப் புதைகுழியின்றிப் பறிகொடுத்தவர்கள், மழை பெய்யும் ஒவ்வோர் இரவும் விழித்திருக்கிறார்கள். நிவாரணப் பட்டியலில் கூரைத் தகடுக்கு இடமிருந்தது. அவர்கள் சொல்வதைக் கேட்க ஒரு காதுக்கும் இடம் வேண்டும்.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை வாசகர்கள் உறவினருக்குச் சொல்லிவையுங்கள். அந்த இலக்கத்தை அழைக்கும் கொழுந்துப் பெண்ணுக்கு, எந்நேரமும் தமிழில் ஒரு குரல் பதில் சொல்ல வேண்டும். அன்று அழுதவரின் மகன் கடிதம் எழுதினானா என்று அந்த வைத்தியசாலையில் எவரும் கேட்கவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் கேட்கவில்லை.