ரசமட்டமும் சாய்ந்த காமிராவும்

கொத்தனார் சுவர் எழுப்பும்போது ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார். குமிழி நடுவில் நின்றால்தான் மட்டம் சரி. இந்த ரசமட்டம் ஒரு சமயம் சினிமா டைரக்டர் ஒருவருக்குப் பரிசாகப் போய்ச் சேர்ந்தது.

1949-ம் ஆண்டில் ‘மூன்றாவது மனிதன்’ என்ற ஆங்கிலப் படத்தை எடுத்தவர் காரல் ரீட். அதில் பல காட்சிகளில் காமிரா ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது. தெரு சாய்கிறது, மாடிப்படி சாய்கிறது, மனிதர்களும் சாய்கிறார்கள். படத்தைப் பார்த்த அமெரிக்க டைரக்டர் வில்லியம் வைலர், அடுத்த தடவை காமிராவின் மேல் வைத்துக்கொள்ளும்படி சொல்லி, ரீடுக்கு ஒரு ரசமட்டம் அனுப்பினாராம்!

வேடிக்கைதான். ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கோணலாக இருந்தது காமிராவா, அது பார்த்த உலகமா?

கதை நடப்பது யுத்தம் முடிந்த வியன்னா நகரில். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் ஆகிய நான்கு நாடுகளின் படைகள் நகரைப் பங்கிட்டு நிர்வகித்த காலம். பெனிசிலின் மருந்துக்குக் கடும் பஞ்சம். ஹாரி லைம் என்பவன் ராணுவ ஆஸ்பத்திரிகளிலிருந்து திருடப்பட்ட மருந்தில் கலப்படம் செய்து கள்ளச் சந்தையில் விற்கிறான். அதை ஏற்றிக்கொண்ட குழந்தைகள் மூளைக் காய்ச்சலில் சாகிறார்கள். பிழைத்தவர்களுக்குச் சித்தம் கலங்குகிறது. லைமோ ராட்டினத்தின் உச்சியில் நின்று, கீழே நடமாடும் மக்களை வெறும் புள்ளிகள் என்கிறான். ஒரு புள்ளி அசையாமல் நின்றால் இத்தனை பவுன் என்று கணக்கும் சொல்கிறான்.

லாபமே கணக்கு என்றால் மனிதன் புள்ளிதான்! அப்படிப்பட்ட உலகத்தை நேராக நிறுத்திக் காட்டினால் அல்லவா பொய்?

இந்தப் படம் லைம் ஒருவனைக் குற்றவாளியாக்கி, அவனைப் பெற்றெடுத்த அமைப்பைத் தப்ப விடுகிறது. சோவியத் பகுதி அவனுக்குப் புகலிடம் தந்ததாகவும் காட்டுகிறது. அந்தக் குறைகள் இருக்கட்டும். காமிரா சாய்ந்ததற்குக் காரணம் இருந்தது.

இனி நம் பக்கத்துப் படம் ஒன்று. 1964-ல் சோவியத் டைரக்டர் கலட்டோசவ், காமிராக்காரர் உருசெவ்ஸ்கி ஆகியோர் கியூபக் கலைஞர்களோடு சேர்ந்து எடுத்த ‘நான் கியூபா’. அதில் பெத்ரோ என்ற குத்தகை விவசாயி. கரும்பு விளைந்து நிற்கிறது. நிலத்தை அமெரிக்க யுனைடெட் ஃபுரூட் கம்பெனிக்கு விற்றாகிவிட்டது என்கிறான் நிலப்பிரபு. பெத்ரோ கரும்புக்கும் குடிசைக்கும் தீ வைக்கிறான். காமிரா சாய்கிறது, சுழல்கிறது. காலடி நிலம் பறிபோனவனுக்கு உலகம் நேராகவா தெரியும்?

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அன்று இந்தப் படத்துக்கு ஹவானாவிலும் வரவேற்பில்லை, மாஸ்கோவிலும் வரவேற்பில்லை. இது எங்கள் கியூபா அல்ல என்றார்கள் கியூப மக்கள். காமிராவின் வித்தை மக்களை முந்திக்கொண்டு ஓடிவிட்டது என்பதே நமது கருத்து. நோக்கம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. யாருக்காக எடுக்கிறோமோ அவர்கள் தங்களை அதில் காண வேண்டும்.

இந்த நுணுக்கமெல்லாம் நமக்கெதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். இன்று படத்துக்குப் படம் காமிரா சாய்கிறது. கதாநாயகன் காரிலிருந்து இறங்கினால் சாய்கிறது. அடிதடி என்றால் சாய்கிறது. குடிசைப் பகுதி என்றால், அங்கே வாழ்கிறவன் எல்லாம் ரௌடி என்று மிரட்டுவதற்காகச் சாய்கிறது. முதலாளியின் பங்களா மட்டும் அசையாமல் நேராக நிற்கிறது! அங்கே வாழும் நம் பிள்ளைகளும் இதைப் பார்த்துத் தங்கள் தெருவைத் தாங்களே பயந்து பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

தோழர்களே, வியர்வைக் காசைக் கொடுத்துப் படம் பார்க்கிறோம். ரசமட்டம் நம் கையில் இருக்கட்டும். காமிரா சாயும்போதெல்லாம் கேட்போம்: எதைக் கோணல் என்று காட்டுகிறாய்? சுரண்டலையா, சுரண்டப்படுகிறவனையா?