முகக்குறியும் அகக்குறிப்பும்

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பர் நம் பெரியோர். இன்றோ முகமும் வேண்டியதில்லை. கைப்பேசியில் ஒரு மஞ்சள் வட்டம் போதும்! 1999ஆம் ஆண்டில் ஜப்பானில் ஷிகேதகா குரிட்டா என்பவர் 176 சிறு படங்களை உருவாக்கினார். ஜப்பானிய மொழியில் 'எ' என்றால் படம். 'மோஜி' என்றால் எழுத்து. அந்தப் பட எழுத்துகளின் வழிவந்தவையே இன்று வீடுதோறும் சிரிக்கின்றன, அழுகின்றன.

இக்குறிகளை நன்கு உணர்பவர் ஆணா, பெண்ணா? இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் ஒரு விடை தந்தனர். பிரிட்டனையும் சீனாவையும் சேர்ந்த 523 பேரிடம் 24 குறிகளைக் காட்டி, அவை எவ்வுணர்ச்சியைக் குறிப்பன எனக் கேட்டனர். மகிழ்ச்சி, அச்சம், துயரம், சினம் ஆகிய நான்கிலும் பெண்களே சராசரியாகக் கூடுதல் சரியாக விடையளித்தனர். வியப்பிலும் அருவருப்பிலும் வேறுபாடு காணப்படவில்லை.

இதைக் கேட்டதும் எங்கள் வகுப்பில் எழுந்த கைதட்டலைச் சொல்லவும் வேண்டுமோ! ஆனால் அப்பெருமை நெடுநேரம் நிலைக்கவில்லை. சென்ற பருவத்தில் நடந்தது நினைவுக்கு வந்தது. எங்கள் தோழி ஒருத்தி, தந்தைக்கு வேலை போன அன்று, "நாளை வரமாட்டேன்" என வகுப்புக் குழுவில் எழுதி, அருகே ஒரு சிரித்த முகத்தையும் இட்டிருந்தாள். நாங்களும் சிரித்த முகங்களையே திருப்பி அனுப்பினோம். மூன்றாம் நாள் காலை வழிபாட்டில் அவளது வீங்கிய கண்களைக் கண்ட பிறகே உண்மை விளங்கிற்று. குறியைச் சரியாகவே படித்தோம். தோழியைப் படிக்கத் தவறினோம்.

பெண்ணுக்கு இத்திறன் பிறவியிலேயே வாய்த்தது என்பர் சிலர். எங்கள் கருத்து வேறு. தம்பி அழுதால், "பொம்பளப் பிள்ளை மாதிரி அழாதே" என்கிறோம். அம்மாவின் முகவாட்டத்தைக் கவனிக்கும் பொறுப்பை அக்காவிடமே விட்டுவிடுகிறோம். பழகாத கைக்குக் கோலம் வருமா? திருவள்ளுவர் குறிப்பறிதலைப் பொருட்பாலில், அமைச்சர்க்குரிய பகுதியில் வைத்தார். நாடாளத் துணைநிற்கும் ஆடவரும் கற்க வேண்டிய கலையன்றோ அது!

ஆகவே, பெற்றோரே! உங்கள் ஆண்மக்களையும் அழ விடுங்கள். பிறர் முகத்தைக் கவனிக்கப் பழக்குங்கள். அன்புத் தோழியரே! ஐயம் தோன்றினால் இன்னொரு முகக்குறியை அனுப்பி ஓயாதீர்கள். அழைத்து, "என்னடி, நல்லாயிருக்கியா?" என்று கேளுங்கள். அந்தக் குரலுக்கு ஈடான குறியை இன்னும் எவரும் வரையவில்லை.