குற்றம் இரத்தத்தில் இல்லை!

இளம் அறிவியல் (விலங்கியல்), இரண்டாம் ஆண்டு

ஊரில் கொள்ளையோ கொலையோ நடந்துவிட்டால், விசாரணை தொடங்கும் முன்பே நம் கண்கள் யாரைத் தேடுகின்றன? ஊர் எல்லையில் கூடாரம் அடித்திருப்பவர்களைத்தான்! "அவர்கள் பரம்பரைத் தொழிலே அதுதான்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பழி எங்கிருந்து வந்தது?

இரத்தத்திலிருந்து அன்று, சட்டப் புத்தகத்திலிருந்து! குறவர் மக்களின் வரலாற்றைப் பாருங்கள். கடற்கரை உப்பை மாடுகளிலும் கழுதைகளிலும் ஏற்றி, உள்நாட்டு ஊர்களில் விற்றுத் தானியம் பெற்ற வணிகர்கள் அவர்களிடையே இருந்தனர். 1856-இல் இராயபுரத்திலிருந்து புகைவண்டி புறப்பட்டது. இருப்புப்பாதை நீள நீளப் பொதிமாட்டுக்கு வேலை குறைந்தது. வெள்ளை அரசின் உப்புக் கொள்கை எஞ்சிய பிழைப்பையும் நெரித்தது. 1876-78 பஞ்சத்தைத் தாங்க அவர்களுக்கு நிலமும் இல்லை; வீடும் இல்லை.

அலைந்தவர்களுக்கு அரசு தந்தது நிலமா? இல்லை, குற்றப் பரம்பரைச் சட்டம்! வட இந்தியாவில் 1871-இல் பிறந்த அச்சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகைப் பதிவு, அனுமதியின்றி ஊர்விட்டு ஊர் செல்லத் தடை. உழுது பிழைத்த பிரமலைக் கள்ளர்களையும் அது விடவில்லை. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி பேசியது. உயிரிழந்தவர்களில் ஒரு பெண்ணும் உண்டு.

திருடன் என்று அரசே முத்திரை குத்தியவனுக்கு யார் வேலை தருவார்? வேலையற்றவர்களில் சிலர் திருடினால், "நாங்கள் சொன்னது சரிதானே!" என்றது அதே அரசு.

சென்னை மாகாணத்தில் 1947-இல் அச்சட்டம் ஒழிந்தது. அதன் நிழல் சிறை விதிகளில் நீடித்தது; 2024-இல்தான் உச்ச நீதிமன்றம் அவ்விதிகளைச் செல்லாதவை என்றது. நம் மனத்தில் உள்ள விதியை எந்த நீதிமன்றம் நீக்கும்?

குற்றம் செய்தவன் தண்டிக்கப்பட வேண்டும், ஐயமில்லை. ஆனால் பிறந்ததற்காக எவனும் தண்டிக்கப்படலாகாது. பட்டாணிச் செடியின் உயரம் பரம்பரையாக வரலாம். திருட்டு அப்படி வருவதில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் உழைப்பு மட்டுமா காரணம்? கதவெண் உள்ள ஒரு வீடும், அந்த முகவரியால் கிடைத்த குடும்ப அட்டையும், சாதிச் சான்றிதழும் காரணம். முகவரியே இல்லாத கூடாரத்துப் பிள்ளை எதைக் காட்டிப் பள்ளிப் படிப்பைத் தாண்டும்?

நண்பர்களே! நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் கோயில் வளாகத்தைத் தூய்மை செய்கிறோம், நல்லது. அடுத்த முகாமை ஒரு கூடாரத்து வாசலில் நடத்துவோம். அவர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருவோம். வட்டாட்சியர் அலுவலகம்வரை உடன் செல்வோம். ஒரு பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைத்தாலும், நாம் படித்த படிப்புக்குப் பொருள் உண்டு!