முகமும் முடியும்

இருவர் ஒரே முகத்தினராய் உலவ, அமைச்சரும் உற்றாரும் மயங்கும் பழைய வீரசாகசப் படக்கதைகளைக் கண்டு நகைப்பார் பலர். எங்கள் வேப்பந்தட்டையில் இரட்டையரையும் நடையாலும் குரலாலும் ஊரார் பிரித்தறிவர். அரண்மனையார்க்கு அவ்வறிவு இல்லாமை விந்தையே.

ஆயினும் அக்கதைகளுள் ஒரு வேற்றுமை கருதத்தக்கது. பி. யு. சின்னப்பா இரு வேடம் தாங்கிய ‘உத்தமபுத்திரன்’ (1940) இரட்டைப் பிறப்பைக் காரணங் காட்டிற்று. அது நம்பத்தக்கதே, ஆனால் அங்கே நல்லோன் அரியணைக்கு உரியனாவது அரசகுருதியால். அந்தோணி ஹோப் 1894இல் வெளியிட்ட ‘செண்டாவின் கைதி’ என்னும் ஆங்கிலப் புதினமும் முகவொப்புமைக்குக் குருதித் தொடர்பே கூறிற்று. அக்கதையின் சாயலுடைய எம். ஜி. ஆரின் ‘நாடோடி மன்னன்’ (1958) அத்தொடர்பை விடுத்தது. குடிமகனாகிய வீராங்கன், மன்னன் மார்த்தாண்டனின் முகமுடையனாதலின் அவனிடத்தில் அமர்ந்து, எளியோர்க்கென்று சட்டம் வகுக்கின்றான்.

காரணமற்ற இவ்வொப்புமை நம்பத்தகாததே. எனினும், ஆளுந் தகுதி பிறப்பால் வருவதன்று என்னும் உண்மையை அதுவே உரைத்தது. முகம் ஒன்றானமையால் செயலொன்றே இருவரையும் வேறுபடுத்திற்று.

ஒரு குறை எஞ்சுகின்றது. குடிமகன் சொல் அவையேற மன்னன் முகம் ஏன் வேண்டும்? அம்முகமின்றியும் அச்சொல்லைக் கேட்பதன்றோ குடியாட்சி!